எழுதாத முதல் பக்கம்

பர்மிங்ஹாம் நகரின் சென்டினரி சதுக்கத்தில், பாஸ்கர்வில் ஹவுஸ் என்ற கட்டடத்துக்கு முன்னால், வெள்ளைக் கல்தூண்கள் நிற்கின்றன. தூண்களில் வெண்கல எழுத்துகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. எல்லாமே இடம் வலமாகத் திரும்பிய எழுத்துகள். அதனால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள்கூட அது என்ன வார்த்தை என்று பார்ப்பதில்லை. 2017 கோடையில் கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த எழுபத்தொரு வயதுக்காரர் ஒருவர் மட்டும் நடையை நிறுத்தாமலே அதை வாசித்துவிட்டார்.

"விர்ஜில்னு போட்டிருக்கான். யாருடா அது?"

மகன் திரும்பிப் பார்த்தான். நான்கு வருஷமாக அந்த வழியாகத்தான் அவன் வேலைக்குப் போகிறான். அங்கே எழுத்து இருப்பது தெரியும். அது ஒரு பெயர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாசித்தவருக்கு அது பெரிய வித்தையாகப் படவில்லை. 1960-இல், பதினான்கு வயதில், ஓர் அச்சகத்தில் கூட்டிப் பெருக்கும் பையனாகச் சேர்ந்து, கம்பாசிட்டராகி, பிறகு சொந்தமாக ஒரு டிரெடில் மெஷின் போட்டவர் அவர். ஈய எழுத்து திரும்பித்தான் இருக்கும். தாளில் விழும்போதுதான் நேராகும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஸ்டிக்கில் எழுத்துக் கோத்த கண்ணுக்கு, நேரான எழுத்தும் திரும்பிய எழுத்தும் ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், மளிகைக்கடை பில் புக், வக்கீல்களுக்கு ஆங்கிலத்தில் லெட்டர் ஹெட் எல்லாம் அவர் கையில் அச்சானவை. 2003-இல் மெஷினை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, எழுத்துக் கேஸ்களில் இரண்டை மட்டும் வீட்டுப் பரணில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தூண்கள் டேவிட் பாட்டன் என்ற சிற்பி 1990-இல் செய்தவை. எழுத்துகள் திரும்பியிருப்பதற்குக் காரணம் அவை அச்செழுத்துகள் என்பதுதான். விர்ஜில் என்ற பெயர் அங்கே வந்ததற்குக் காரணம் ஜான் பாஸ்கர்வில். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊரில் வாழ்ந்த அவர் முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்ட புத்தகம், ரோமாபுரிக் கவிஞர் விர்ஜிலின் நூல்தொகுதி. வருஷம் 1757.

மகன் கைப்பேசியில் இதைத் தேடிப் படித்துக் காட்டியபோது அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தப் புத்தகம் இப்ப எங்க இருக்கு?"

அது தொலைவில் இல்லை. அதே சதுக்கத்தில், நாலு எட்டில், 2013-இல் திறந்த பர்மிங்ஹாம் நூலகம் இருக்கிறது. அதன் பழஞ்சுவடிப் பிரிவில் பாஸ்கர்வில் அச்சிட்ட நூல்களின் சேகரிப்பு உண்டு. மகன் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒரு வாரம் கழித்து அப்பாவை அழைத்துப் போனான். பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி. சட்டைப் பையில் பேனா இல்லாமல் உட்கார்ந்தது அவருக்கு என்னவோ போலிருந்தது. மெத்தென்ற தாங்கியின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துத் திறந்து கொடுத்தார் நூலகப் பெண்.

தலைப்புப் பக்கத்தில் எழுத்தைத் தவிர ஒன்றுமில்லை. பார்டர் இல்லை, பூ இல்லை, படம் இல்லை. கவிஞர் பெயர், நூல்களின் பெயர், ஊர், அச்சடித்தவர் பெயர், ரோமன் எண்ணில் வருஷம். ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே மூச்சுவிட இடம். சுற்றிலும் வெள்ளை.

"வேலை தெரியாதவன்தான் பார்டர் போடுவான்" என்று மெதுவாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "நாம பத்திரிகைல இவ்வளவு காலி விட்டா காசு குடுத்தவன் சண்டைக்கு வருவான்" என்றார்.

அவர் கை தானாகத் தாளின் பின்பக்கம் போனது. நல்ல அச்சா என்று பார்க்க அச்சகக்காரர்கள் முதலில் தடவிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். அழுத்தம் அதிகமானால் எழுத்து பின்னால் புடைக்கும். குறைந்தால் முன்னால் மங்கும். இந்தத் தாள் வழவழவென்று இருந்தது. பாஸ்கர்வில் அச்சான தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தியெடுத்தார் என்று மகன் குறித்து வைத்திருந்ததைப் படித்தான். சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி. அதனால்தான் மசி பளபளவென்று நிற்கிறது.

பாஸ்கர்வில் ஆரம்பத்தில் கையெழுத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்த வாத்தியார். கல்லறைக் கல்லிலும் எழுத்து வெட்டினார். பிறகு தட்டு, பெட்டி போன்ற உலோகச் சாமான்களுக்குக் கறுப்பு மெருகு பூசும் தொழிலில் இறங்கிப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தைத்தான் 1750 வாக்கில் எழுத்து வார்ப்பதில் கொட்டினார். எஃகில் எழுத்து வெட்டித் தந்தவர் ஜான் ஹேண்டி என்ற கைவினைஞர். 1754-இல் பாஸ்கர்வில் மாதிரித் தாளை வெளியிட்டு முன்பதிவு கேட்டார். நூல் வெளிவர மேலும் மூன்று வருஷம் ஆனது. மசியைத் தானே காய்ச்சினார். தாளிலும் புதுமை செய்தார். அந்தக் காலத்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்புபோல் கம்பிக்கோடுகள் தெரியும். ஜேம்ஸ் வாட்மன் என்ற காகித உற்பத்தியாளர் நெய்த கம்பிவலையில் ஊற்றிச் செய்த தாளில் அந்தக் கோடு விழாது. விர்ஜில் நூலின் ஒரு பகுதி அப்படிப்பட்ட தாளில் அச்சானது. இத்தனைக்கும் விலை ஒரு கினி.

முன்பதிவு செய்தவர்களில் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஒருவர். அவரே அச்சகக்காரர். ஆறு பிரதிகளுக்குப் பெயர் கொடுத்தார். ஒருவருக்கு எதற்கு ஆறு? பரிசு கொடுக்கத்தான். 1758-இல் அதில் ஒன்றை ஹார்வர்டு கல்லூரிக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அச்சு நேர்த்தியில் உலகத்திலேயே இதற்கு இணை இல்லை என்று கருதப்படுவதாகக் கூடவே ஒரு கடிதமும் எழுதினார்.

எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. பாஸ்கர்வில் எழுத்து மெலிந்திருக்கிறது, கண்ணைக் கெடுக்கும் என்று இங்கிலாந்தில் ஒரு பேச்சு கிளம்பியது. அப்படிச் சொன்ன ஒரு கனவானிடம் பிராங்க்ளின் ஒரு மாதிரித் தாளை நீட்டி, எந்த இடத்தில் குறை என்று காட்டச் சொன்னார். அவரும் ஒவ்வோர் எழுத்தாகக் குறை கண்டுபிடித்தார். படிக்கும்போதே கண் வலிக்கிறது என்றார். அது பாஸ்கர்வில் தாளே அல்ல. எல்லோரும் பழகிப்போயிருந்த காஸ்லன் எழுத்தின் மாதிரித் தாள். மேலேயிருந்த பெயரை மட்டும் பிராங்க்ளின் கிழித்துவிட்டிருந்தார். 1760-இல் அவரே பாஸ்கர்வில்லுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கதை இருக்கிறது. மகன் இதைச் சொன்னபோது அப்பா வாசகசாலை என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டார்.

ஊருக்குத் திரும்புகிற நாளுக்கு முந்தின ராத்திரி, மகன் ஒரு கனமான பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். உறைக்குள் புத்தகம். விர்ஜிலின் மகாகாவியமான ஈனிட், ஆங்கிலக் கவிஞர் டிரைடன் பதினேழாம் நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்பு. சேகரிப்பவர்களுக்கென்றே தயாரித்த பரிசுப் பதிப்பு. அடர் சிவப்புத் தோல் அட்டை, முதுகில் ஐந்து மேடு, மூன்று ஓரத்திலும் தங்கம், நடுவில் பட்டு நாடா. அட்டையில் பொன்னிறத்தில் ஓர் உருவம்: எரிகிற ஊரிலிருந்து ஒருவன் கிழவர் ஒருவரைத் தோளில் சுமந்துகொண்டு வெளியேறுகிறான், அவன் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பையன்.

"சிரவணன் கதையா?"

"அந்த மாதிரிதான்பா. டிராய் நகரம் எரியறப்ப ஈனியாஸ் அவங்க அப்பாவத் தூக்கிட்டுப் போறான்."

அவர் பதில் சொல்லவில்லை. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை நகத்தால் கீறிப் பிரித்தார். மகன் "ஐயோ" என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

பிறகு நடந்தது பரிசு வாங்குகிறவர் செய்கிற காரியமல்ல. பைண்டிங் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற முதலாளி செய்கிற காரியம். முதுகு மேட்டை விரலால் அழுத்தினார். "அட்டைத் துண்டு" என்றார். பழைய பைண்டிங்கில் பாரங்களை, அதாவது மடித்த தாள்கட்டுகளை, குறுக்குக் கயிற்றோடு சேர்த்துத் தைப்பார்கள். அந்தக் கயிறுகள்தான் தோலுக்கு அடியில் மேடாகத் தெரியும். இப்போது கயிறு இல்லை. அழகுக்காக அட்டையைப் பட்டையாக நறுக்கி வைத்துத் தோலைப் போர்த்துகிறார்கள். தோலை முகர்ந்து பார்த்தார். தோல் தூளைப் பசையோடு சேர்த்துத் தகடாக்கியது என்பது அவர் கணிப்பு. ஓரத்துத் தங்கம் இலையாக ஒட்டியது இல்லை, சூட்டில் இழுத்த ஃபாயில். தலைமாட்டில் இருந்த வண்ணப் பட்டை தைத்ததில்லை, கஜக்கணக்கில் வாங்கி ஒட்டியது.

மகன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்பா புத்தகத்தை நடுவில் விரித்து, இரண்டு பக்கமும் சேருகிற பள்ளத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். அங்கே வெள்ளை நூல் தெரிந்தது.

"ஆனா தச்சிருக்கான்டா. வெறுமனே பசை தடவி ஒட்டல. நூறு வருஷம் நிக்கும்."

அத்தோடு விடவில்லை. முதல் பக்கத்துக்குப் போனார். தடித்த வெற்றுத் தாள். திருப்பினார். அதுவும் வெற்று.

"பேரு எழுதலியா?"

அங்கேதான் தகராறு வந்தது. அவர் வீட்டு அலமாரியில் முதல் பக்கத்தில் எழுத்து இல்லாத புத்தகம் அபூர்வம். கல்யாணத்துக்கு வந்த திருக்குறளில் கொடுத்தவர் பெயரும் முகூர்த்தத் தேதியும் இருக்கும். பிள்ளைகள் கட்டுரைப் போட்டியில் வாங்கிய புத்தகங்களில் தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இருக்கும். "அன்பளிப்பு" என்ற சொல் இல்லாவிட்டால் அவருக்கு அது கடையில் வாங்கின சரக்கு.

மகன் விளக்கினான். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் இப்படிப்பட்ட பதிப்புகளைச் சேர்க்கிறவர். புத்தகத்தில் எழுதக்கூடாது என்று அவர்தான் சொன்னாராம். எழுதினால் விலை இறங்கும். பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு இருந்தால் இன்னும் நல்ல விலை. அந்த நண்பர் வீட்டில் ஒரு சுவர் நிறைய உறை பிரிக்காத புத்தகங்கள் இருக்கின்றன. எழுதியவர் பெரிய ஆளாக இருந்தால் மட்டும் கணக்கு வேறு. அப்போது எழுத்துக்கே விலை.

"அப்ப அவர் எதையுமே படிக்கறதில்லியா?"

"படிக்கறதுக்குப் பேப்பர்பேக் ஒண்ணு தனியா வச்சிருக்கார்பா."

அப்பா புத்தகத்தை உறைக்குள் தள்ளிப் பெட்டியில் வைத்தார். பெயர் எழுதாமலே அது கும்பகோணம் வந்து சேர்ந்தது.

ஊருக்கு வந்தபின் அவர் அதைப் படிக்க ஆரம்பித்தார். காலைக் காபிக்குப் பிறகு இரண்டு பக்கம். பக்கத்தில் அட்டை கிழிந்த லிப்கோ அகராதி. பழைய ஆங்கிலம் சிரமப்படுத்தியது. ஆனால் டிரைடன் இரண்டிரண்டு அடியாக இயைபு வைத்து எழுதியிருந்ததால், ஓர் அடி புரிந்தால் அடுத்ததைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. கதை அவரை இழுத்தது. எரிகிற டிராயில் ஈனியாஸ் அப்பாவைத் தூக்கிக்கொண்டு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான். பின்னால் வந்த மனைவி காணாமல் போகிறாள். கப்பல் கடலில் அலைகிறது. அப்பா வழியில் இறந்துபோகிறார். கார்த்தேஜ் நாட்டு ராணி டைடோ அவனை நேசிக்கிறாள். அவன் விட்டுப் போனதும் சிதையில் ஏறி உயிரை விடுகிறாள். பாதாளத்தில் இறங்கி அப்பாவின் ஆவியைப் பார்க்கிறான். கடைசியில் இத்தாலியில் போர்.

பன்னிரண்டு காண்டம், 9,896 அடி. இதை எழுதி முடிக்க விர்ஜிலுக்குப் பத்து வருஷம்கூடப் போதவில்லை. கி.மு. 19-இல் கிரேக்க நாட்டுக்குப் போனவர் உடம்பு சரியில்லாமல் திரும்பி, இத்தாலியின் பிரண்டிசியம் துறைமுகத்தில் இறந்தார். திருத்தி முடிக்காத காவியத்தை எரித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. பேரரசர் அகஸ்டஸ் அதைத் தடுத்து, வேரியஸ், டக்கா என்ற இரண்டு நண்பர்களிடம் நூலை வெளியிடும் பொறுப்பைக் கொடுத்தார். வேண்டாததை எடுக்கலாம், புதிதாக ஒன்றும் சேர்க்கக்கூடாது என்று நிபந்தனை. அதனால்தான் லத்தீன் மூலத்தில் பாதியில் நிற்கிற அடிகள் ஐம்பதுக்கு மேல் இன்றும் அப்படியே இருக்கின்றன.

முன்னுரையில் இதைப் படித்தவர் மகனுக்குப் போன் போட்டார். "கடைசி புரூப் பாக்காம பாரத்த மெஷின்ல ஏத்திட்டானுங்கடா. ஆனா ஒரு எழுத்து சேக்கல பாரு. அவன்தான் நல்ல அச்சகக்காரன்."

அதே முன்னுரையில் அவருக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு கதை இருந்தது. டிரைடனின் மொழிபெயர்ப்பு முதலில் வந்தது 1697-இல். பதிப்பாளர் ஜேக்கப் டான்சன். அது பெரிய அளவில், படங்களோடு, முன்பதிவுப் பணத்தில் வந்த நூல். ஐந்து கினி கொடுத்தவர்கள் நூற்றொருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு படம். படத்தின் அடியில் அவர் பெயரும் குலச்சின்னமும். இரண்டு கினி கொடுத்தவர்களுக்குப் படம் கிடையாது, பட்டியலில் பெயர் மட்டும்.

கல்யாணப் பத்திரிகை அடித்தவருக்கு இதற்கு உரை தேவைப்படவில்லை. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று கீழே வருகிற பட்டியலில் எவர் பெயர் மேலே, எவர் பெயர் கீழே என்பதற்காக நின்றுபோன பாரங்கள் அவருக்குத் தெரியும். ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போய், ராவோடு ராவாக ஐந்நூறு பத்திரிகை மறுபடி அடித்த கதை அவரிடம் உண்டு.

டான்சனுக்கு வாய்த்த சித்தப்பா, நாட்டை ஆண்ட மன்னர் மூன்றாம் வில்லியம். நூலை மன்னருக்குச் சமர்ப்பணம் செய்யச் சொல்லி டான்சன் கேட்டுப் பார்த்தார். டிரைடன் கத்தோலிக்கர். புராட்டஸ்டண்ட் ஆட்சி வந்ததும் அரசவைக் கவிஞர் பதவியை இழந்தவர். மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மன்னர் பெயரை ஏற்ற முடியாத டான்சன் மன்னரின் மூக்கை ஏற்றினார். அந்த நூலுக்கான படங்கள் புதியவை அல்ல. 1654-இல் ஓகில்பி என்பவர் வெளியிட்ட விர்ஜில் பதிப்பின் செப்புத் தகடுகள். அவற்றை வாங்கி, ஈனியாஸின் மூக்கை மட்டும் வில்லியத்தின் மூக்கைப்போல் வளைத்துச் செதுக்கச் சொன்னார். ஒரு படத்தில் நேரான மூக்கு, அடுத்த படத்தில் கழுகு மூக்கு என்று விட்டுவிட்டும் போயிருக்கிறது. டிரைடனால் மூக்கை ஒன்றும் செய்ய முடியவில்லை. சமர்ப்பணம் மட்டும் மன்னருக்குப் போகவேயில்லை.

விர்ஜிலைத் தன் வசமாக்கிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் இவர்களுக்கு முன்பும் உண்டு. 1501-இல் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் சட்டைப் பைக்குள் போகிற அளவில் விர்ஜிலை அச்சிட்டார். இன்று நாம் இத்தாலிக் என்று சொல்லும் சாய்வெழுத்து முதன்முதலில் ஒரு முழுப் புத்தகமாக வந்தது அதில்தான். வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. புத்தகம் வந்த சில மாதங்களிலேயே மாந்துவா நாட்டு அரசி இசபெல்லா டெஸ்டே தனக்குக் காகிதத்தில் வேண்டாம், தோல்தாளில் அச்சிட்ட பிரதிதான் வேண்டும் என்று வெனிசிலிருந்த தன் ஆளுக்குக் கடிதம் எழுதினார். விர்ஜில் பிறந்தது அவர் ஆண்ட மாந்துவாவுக்குப் பக்கத்தில்.

மாந்துவா என்ற பெயரைப் படித்தபோது பெரியவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவர் தொழில் கற்ற அச்சகத்தில் எழுத்துக் கேஸில் இரட்டைச் சுழிக் கொம்பு இருக்கும் அறையைக் காட்டி, "இதைக் குடுத்தது வீரமாமுனிவர்" என்று மூத்த கம்பாசிட்டர் சொல்வாராம். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவத்தில் வேறுபாடு காட்டும் முறையைத் தந்தவராகத் தமிழ் உலகம் போற்றும் வீரமாமுனிவர் என்ற கான்ஸ்டன்டைன் பெஸ்கி 1680-இல் பிறந்த காஸ்திலியோனே ஊரும் மாந்துவாவுக்கு அருகில்தான். லத்தீனில் தேர்ந்த பாதிரியார் அவர். 1726-இல் அவர் பாடி முடித்த தேம்பாவணியில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். விர்ஜில் பிறந்த மண்ணில் பிறந்த ஒருவர், தமிழில் ஒரு காவியமும் செய்து, கேஸில் ஓர் அறையையும் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்குப் பரணில் ஏறி, தூசி தட்டி, அந்தக் கொம்பில் ஒன்றை எடுத்துவந்து புத்தகப் பெட்டியின் மேல் நிறுத்தி வைத்தார்.

ஆனால் முதல் பக்கம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு முடிவு கட்டியவர் பெட்ரார்க்.

பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கிடம் கையால் எழுதிய விர்ஜில் சுவடி ஒன்று இருந்தது. இன்று மிலான் நகரத்து அம்புரோசியானா நூலகத்தில் இருக்கிறது. சிமோனே மார்த்தினி என்ற பெரிய ஓவியரைக் கொண்டு அதற்கு முகப்புப் படம் வரையச் செய்தார். அழகுக்கு அழகு, விலைக்கு விலை. அந்தப் படம் வரைவதற்கு முன்பே சுவடி 1326-இல் திருட்டுப் போய், 1338-இல் திரும்பக் கிடைத்தது. அந்த இரண்டு தேதியையும் பெட்ரார்க் புத்தகத்திலேயே எழுதி வைத்தார். ஓரங்களில் எல்லாம் குறிப்பு. 1348-இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில், தாம் இருபது வருஷத்துக்கு மேல் பாடிய லாரா இறந்துபோன செய்தி வந்தது. அவளை முதலில் பார்த்த நாள், இடம், அவள் இறந்த நாள் எல்லாவற்றையும் அந்த விர்ஜிலின் முன்தாளில் எழுதினார். ஏன் அங்கே எழுதினார் என்பதற்கு அவரே காரணமும் சொல்லியிருக்கிறார்: அடிக்கடி தம் கண்ணில் படுகிற இடம் அது. பின்னால் நண்பர்கள் இறந்த செய்திகளையும் அதில் சேர்த்துக்கொண்டே போனார். மார்த்தினியின் ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இணையாக அந்தக் கையெழுத்தைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. லாரா என்று ஒருத்தி உண்மையிலேயே இருந்தாளா என்று கேட்கிறவர்களுக்கு ஆய்வாளர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த முன்தாளைத்தான்.

2019 பொங்கலுக்கு மகன் வந்திருந்தான். போகிக்கு மறுநாள் சாயங்காலம் அப்பா பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். உறையிலிருந்து எடுத்தபோது புத்தகம் மாறியிருந்தது மகனுக்குத் தெரிந்தது. முதுகுத் தோலில் மடிப்பு விழுந்திருந்தது. கீழ் ஓரத்தில் விரல்படுகிற இடத்தில் தங்கம் கொஞ்சம் உரிந்திருந்தது. நான்காம் காண்டத்து ஓரங்களில் பென்சிலால் தமிழ்ச் சொற்கள். நாடா ஒன்பதாம் காண்டத்தில் இருந்தது. சேகரிப்பாளர் கணக்கில் அதன் விலை ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

முதல் பக்கத்தை விரித்து ஹீரோ பேனாவை நீட்டினார்.

"எழுது."

"கையெழுத்து நல்லா இருக்காதுப்பா."

"நான் என்ன புரூப்பா பாக்கப்போறேன்? எழுது."

மகன் குனிந்தான். அப்பா பெயரை எழுதினான். கீழே அன்பளிப்பு என்று எழுதித் தன் பெயரைப் போட்டான். தேதி எழுதும் இடத்தில் பேனா நின்றது.

"இன்னைக்குத் தேதியா?"

"பத்திரிகைல அச்சடிச்ச தேதியாடா போடுவோம்? விசேஷத் தேதியத்தானே போடுவோம். நீ குடுத்த அன்னிக்கு என்னவோ அதப் போடு. ஊரும் பர்மிங்ஹாம்னே போடு."

மகன் கைப்பேசியில் பழைய விமானச் சீட்டைத் தேடி, அதற்கு முந்தின நாளைக் கண்டுபிடித்து எழுதினான். அப்பா வாங்கி, மசி காயும்வரை விசிறிவிட்டு, பழக்க தோஷத்தில் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். தாள் தடிமன்தான், ஆனாலும் மசி மறுபக்கம் லேசாகத் தெரிகிறது.